எலிக்குக் குறைந்தால் எனக்குக் குறையாதா?

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு வயது 54. ஒருநாள் மாலை லேப் ரிப்போர்ட்டை ஒரு கையிலும், இலைச்சாறு கேப்சூல் டப்பா ஒன்றை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு வந்தார். கூடவே ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய மருதம்பட்டைப் பொடி கால் கிலோ. டப்பாவின் மேல் மூன்று வரி: கொழுப்பைக் குறைக்கும், ஆன்ட்டி ஆக்சிடன்ட் நிறைந்தது, ஆய்வில் நிரூபிக்கப்பட்டது. அந்த ஆய்வு யாரிடம் நடந்தது என்று அவர் மகன் செல்போனில் தேடிப் பார்த்திருக்கிறான். எலியிடம்.

"இன்னாப்பா தம்பி, எலிக்குக் கொறைஞ்சா எனக்குக் கொறையாதா?" என்றார்.

நான் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவன். முதுகலை படித்தபோது ஆறு மாதம் இலையைப் பொடித்து, சாறு எடுத்து, எலிக்குக் கொடுத்துப் பார்த்தவன். அதனாலேயே குறையும் என்றோ குறையாது என்றோ ஒரே சொல்லில் சொல்ல வாய் வரவில்லை. அன்று அவரிடம் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் அந்த ரிப்போர்ட். மொத்தக் கொலஸ்ட்ரால் 248, நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்.டி.எல் 42, டிரைகிளிசரைடு என்கிற கொழுப்பு 160, கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல் 174. எல்லாமே ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்கிற கணக்கு. பல லேப்களில் எல்.டி.எல்லை நேராக அளப்பதில்லை. மற்ற மூன்றையும் அளப்பார்கள். டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து, அதையும் எச்.டி.எல்லையும் மொத்தத்தில் இருந்து கழித்துவிடுவார்கள். 248இல் 42 போக, 32 போக, 174. நீங்களே போட்டுப் பார்க்கலாம், டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டாத வரை. எல்.டி.எல் பொதுவாக 100க்குள் இருந்தால் நல்லது என்பார்கள். 174 என்பது மருத்துவர் முகத்தைச் சுளிக்கிற எண்.

கொலஸ்ட்ரால் என்றதும் ஏதோ வெளியில் இருந்து வந்து ரத்தக்குழாயில் ஒட்டிக்கொண்ட அழுக்கு என்று நினைத்துக்கொள்கிறோம். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் அது இருக்கிறது. பித்தநீருக்கும், வைட்டமின் டிக்கும், ஆண் பெண் ஹார்மோன்களுக்கும் அதுதான் மூலப்பொருள். அதில் பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. சிக்கல் அது ஊர்வலம் போகிற விதத்தில்தான். கொழுப்பு தண்ணீரில் கரையாது, ரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். அதனால் கொலஸ்ட்ராலைப் புரதத்தோடு சேர்த்து மூட்டை கட்டித்தான் அனுப்ப முடியும். அப்படி ஒரு மூட்டைதான் எல்.டி.எல்.

அக்காவுக்கு இதைச் சொல்ல எனக்கு எண்ணூர் விரைவுச் சாலை உதவியது. காசிமேட்டில் இருந்து கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் வரிசை கட்டி நிற்பதை வடசென்னைக்காரர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வண்டிகள் பெருத்துவிட்டால் மட்டும் அந்த வரிசை வருவதில்லை. துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் உள்ளே விடுகிற வேகம் குறைந்தாலும் வரும். நம் ஈரலை அந்தத் துறைமுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் சுற்றுகிற எல்.டி.எல் லாரிகளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ள ஈரல் செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. அவைதான் கேட். இதைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. சில குடும்பங்களில் பிறக்கும்போதே கேட் பாதிதான் இருக்கும். அவர்களுக்குச் சின்ன வயதிலேயே எல்.டி.எல் எகிறும், பத்தியம் இருந்தாலும் போதுமான அளவு இறங்காது. அப்படியில்லாத நமக்கோ கேட்டைச் சாத்துவதில் முக்கியப் பங்கு நிறைவுற்ற கொழுப்புக்கு. பாமாயிலில் ஏறக்குறைய பாதி அதுதான். பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருப்பது உண்மை. செடியில் இருந்து வருகிற எந்த எண்ணெயிலும் சொல்லும்படியான கொலஸ்ட்ரால் கிடையாது. அதனால் அந்த வரியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இதைச் சொன்னதும் அக்கா கேட்டது எறாவைப் பற்றி. எறாவில் கொலஸ்ட்ரால் அதிகம், ஆனால் நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. காசிமேட்டு எறாவைவிட அதை வறுக்கிற எண்ணெய்மேல்தான் எனக்குச் சந்தேகம்.

சரி, ரோட்டிலேயே நாள்கணக்கில் நிற்கிற வண்டிக்கு என்ன ஆகும்? கடற்காற்றில் துருப்பிடிக்கும். எல்.டி.எல்லுக்கும் ஏறக்குறைய அதுதான். ரத்தத்தில் நெடுநேரம் சுற்றுகிறவற்றில் சில ரத்தக்குழாயின் உள்சுவருக்குள் நுழைந்து மாட்டிக்கொள்கின்றன. அங்கே ஆக்சிஜனேற்றம் நடந்து கெடுகின்றன. கெட்டுப்போனதைப் பார்த்ததும் துப்புரவு வேலை செய்கிற வெள்ளணுக்கள் வந்து விழுங்கும். விழுங்கி விழுங்கி வயிறு ஊதி, நுரை பொங்கினதுபோல் ஆகி, அங்கேயே செத்துக் குவியும். ரத்தக்குழாயில் அடைப்பு என்கிறோமே, அதன் ஆரம்பம் இந்தக் குவியல்.

இங்கேதான் ஆன்ட்டி ஆக்சிடன்ட் என்ற சொல் வருகிறது. இரும்பு துருப்பிடிப்பது என்றால் இரும்பு தன் எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் பறிகொடுப்பது. உடம்பிலும் எலக்ட்ரான் பறிக்கிற மூலக்கூறுகள் உண்டு. நாம் விடுகிற மூச்சின் பக்கவிளைவாக அவை எப்போதும் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. ஃப்ரீ ராடிக்கல் என்று விளம்பரத்தில் பயமுறுத்துவது பெரும்பாலும் இவற்றைத்தான். இரும்புப் படகுகளின் அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டி ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். கடல்நீரில் துத்தநாகம் இரும்பைவிட எளிதாக எலக்ட்ரானைக் கொடுத்துவிடும். தான் கரைந்து படகைக் காப்பாற்றும், கரைந்து தீர்ந்ததும் வேறு கட்டி மாட்ட வேண்டும். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, தேயிலையிலும் நெல்லிக்காயிலும் இருக்கிற துவர்ப்புப் பொருள்கள் எல்லாம் இந்தத் துத்தநாகக் கட்டி ஜாதி.

ஆனால் உடம்பு அந்தக் கட்டிகளை மட்டும் நம்பி இருப்பதில்லை. அதற்கென்று சொந்தமாக ஒரு காவல்படை உண்டு. 1969இல் மெக்கார்ட், ஃப்ரிடோவிச் என்ற இருவர் கண்டறிந்த சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் அதில் முதல் ஆள். அது சூப்பராக்சைடு என்ற கொடிய மூலக்கூறை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். கேட்டலேஸ் என்ற நொதி அதை வெறும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும். காயத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் புசுபுசுவென்று நுரைக்கிறதே, அது உங்கள் ரத்தத்தில் இருக்கும் கேட்டலேஸ் வேலை செய்கிற காட்சி. மூன்றாவதாக குளூட்டாதையோன் என்ற சிறு மூலக்கூறு, அதை வைத்து வேலை செய்கிற நொதிகள். இந்த நொதிகள் துத்தநாகம்போல் ஒருமுறை கொடுத்துத் தீர்ந்துவிடுபவை அல்ல. ஒரே கேட்டலேஸ் மூலக்கூறு ஒரு நொடியில் லட்சக்கணக்கான பெராக்சைடுகளை உடைக்கும். தாவரச் சாறு ஆய்வுகளில் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு என்று அளப்பது பெரும்பாலும் இந்த மூவரின் அளவைத்தான்.

இப்போது சாறு. வீட்டில் சாறு என்றால் அரைத்துப் பிழிவது. ஆய்வுக்கூடத்தில் கதை வேறு. நான் எடுத்தது முருங்கை இலை. மாடிப்படி நிழலில் பத்து நாள் காயவைத்து, மிக்சியில் பொடித்து, சாக்ஸ்லெட் என்கிற கண்ணாடிக் கருவியில் போட்டேன். கீழே எத்தில் ஆல்கஹால் கொதிக்கும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து, பொடியின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்து, அதன் சத்தை இறக்கிக்கொண்டு திரும்பக் கீழே போகும். மணிக்கணக்கில் இப்படியே. கடைசியில் ஆல்கஹாலை ஆவியாக்கிவிட்டால் அடியில் கரும்பச்சையாக, வெல்லப்பாகுபோல் ஒட்டுகிற ஒரு பொருள் நிற்கும். அதுதான் எக்ஸ்ட்ராக்ட். நூறு கிராம் காய்ந்த பொடிக்குப் பத்து கிராம்போலக் கிடைத்தது. கையில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது.

ஃபில்டர் காப்பிக்கு டிகாக்‌ஷன் இறக்குவதும் இதே வேலைதான், கருவிதான் மலிவு. எந்தத் திரவத்தில் இறக்குகிறோம் என்பதில்தான் சூட்சுமம். காய்ந்த மிளகாயை எண்ணெயில் தாளித்தால் சிவப்பு எண்ணெயில் இறங்குகிறது, தண்ணீரில் போட்டால் அந்த அளவுக்கு இறங்குவதில்லை இல்லையா? இலையும் அப்படித்தான். தண்ணீர் சர்க்கரையையும் துவர்ப்பையும் இழுக்கும், ஹெக்சேன் என்ற கரைப்பான் மெழுகையும் எண்ணெயையும் இழுக்கும், ஆல்கஹால் இரண்டுக்கும் நடுவில். ஆக, முருங்கைச் சாறு என்று இரண்டு ஆய்வுக் கட்டுரைகளில் எழுதியிருந்தால் அவை இரண்டு வேறு பொருள்களாக இருக்கலாம். அக்கா போடுகிற கஷாயம் மூன்றாவது பொருள். டப்பாவில் இருப்பது நான்காவது.

காப்பியைச் சொன்னதால் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காப்பிக்கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால் என்று ஒன்று இருக்கிறது. அது எல்.டி.எல்லை ஏற்றும். காகிதத்தில் வடிகட்டினால் பெரும்பகுதி காகிதத்திலேயே நின்றுவிடும். பித்தளை ஃபில்டரின் துளைக்கு அந்தத் திறமை கிடையாது. நாள் முழுக்கக் கெட்டியான டிகாக்‌ஷன் குடிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். தாவரச் சாறு என்றாலே கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்று யாராவது சொன்னால், தினமும் காலையில் நம் டம்ளரில் ஒரு எதிர்ச்சாட்சி நுரையோடு உட்கார்ந்திருக்கிறது.

எலி விஷயத்துக்கு வருவோம். இந்த வகை ஆய்வுகளில் முக்கால்வாசி ஒரே அச்சு. எலிகளை நாலைந்து குழுவாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்குச் சாதாரணத் தீவனம். இன்னொன்றுக்குக் கொழுப்பும், கொலஸ்ட்ராலும், பித்த அமிலமும் கலந்த தீவனம். அடுத்தடுத்த குழுக்களுக்கு அதே கொழுப்புத் தீவனத்தோடு சாறு, ஒரு கிலோ எடைக்கு 200 மி.கி., 400 மி.கி. என்று. கடைசிக் குழுவுக்கு ஒப்பிட்டுப் பார்க்க, டாக்டர்கள் கொலஸ்ட்ராலுக்கு எழுதித் தருகிற ஸ்டேட்டின் மாத்திரை. சில வாரம் கழித்து ரத்தத்தையும் ஈரலையும் எடுத்து அளந்தால், கொழுப்புத் தீவனம் தின்ற எலிக்கு எல்.டி.எல் ஏறியிருக்கும், கேட்டலேஸும் குளூட்டாதையோனும் இறங்கியிருக்கும். சாறு குடித்த எலிக்கு எல்லாம் ஓரளவு பழையபடி. எனக்கும் அப்படித்தான் வந்தது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் என் ஆய்வு வழிகாட்டி ஒரு கேள்வி கேட்டார். காவல்படை திரும்பி வந்தது சாறினாலா, அல்லது கொழுப்பு குறைந்ததால் ஈரலுக்குச் சுமை குறைந்து அது தானே தேறிக்கொண்டதா? என் அளவீட்டை வைத்து இரண்டையும் பிரிக்க முடியவில்லை. மூன்றாவது ஒரு வழியும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். செடிகள் தம்மைத் தின்ன வருகிற பூச்சிக்காகச் செய்து வைத்த கசப்பும் காரமும் நம் செல்லுக்குள் போனதும், செல் அதை லேசான விஷமாக எடுத்துக்கொண்டு தன் சொந்த நொதிகளைக் கூடுதலாகச் செய்யத் தொடங்குகிறது. செல் ஆய்வுகளிலும் விலங்குகளிலும் இதை நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். அதாவது இலை துத்தநாகமாக வருவதில்லை, ஆபத்து மணி அடித்துக் காவல்படையை எழுப்பிவிடுகிறது. இப்படி நினைத்தால் பாகற்காயைத் தின்பதுகூடக் கொஞ்சம் மரியாதையான காரியமாகத் தெரிகிறது.

டப்பாக்களில் போடும் 'இத்தனை யூனிட் ஆன்ட்டி ஆக்சிடன்ட்' என்ற எண் சோதனைக்குழாயில் அளந்தது. ஊதா நிறத் திரவம் ஒன்றில் சாற்றை விட்டால் மஞ்சளாக மாறும். பார்க்க அழகு. ஆனால் குடலில் இந்தப் பொருள்களில் கொஞ்சம்தான் உள்ளே ஏறும், ஏறியதையும் ஈரல் உருமாற்றிச் சீக்கிரம் வெளியே தள்ளிவிடும். அமெரிக்க வேளாண் துறை இப்படிப்பட்ட எண்களைத் தொகுத்து ஒரு பட்டியல் வைத்திருந்தது. உடம்பில் நடப்பதற்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை என்று 2012இல் அதை எடுத்தே விட்டார்கள்.

எலிக்கும் நமக்கும் வேறு வித்தியாசமும் உண்டு. எலியின் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் எச்.டி.எல்லில்தான் பயணம் செய்யும், நமக்கு எல்.டி.எல்லில். கொழுப்பை ஊட்டி எலியின் ரத்தக்குழாயில் அடைப்பு வரவழைப்பது பெரும்பாடு. அதோடு அளவு. எலியின் அளவை மனிதருக்கு மாற்ற, உடல் பரப்பைக் கணக்கில் எடுத்து, சுமார் ஆறால் வகுக்க வேண்டும். 400 மி.கி. என்பது நமக்குக் கிலோவுக்கு 65 மி.கி. அறுபது கிலோ எடையுள்ள அக்காவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 கிராம் சாறு. அவர் டப்பாவில் ஒரு கேப்சூல் 500 மி.கி., தினம் ஒன்று என்று போட்டிருந்தது. எட்டில் ஒரு பங்கு. என் கணக்குப்படி அந்த 4 கிராமுக்கு 40 கிராம் காய்ந்த இலை வேண்டும். அவ்வளவு முருங்கைப் பொடியைத் தினமும் தின்று பாருங்கள், கொலஸ்ட்ரால் குறைகிறதோ இல்லையோ, சோறு இறங்காது.

மனிதர்களிடம் செய்து பார்த்தபோது என்ன ஆனது? பூண்டில் இருந்து தொடங்கலாம், அதைத்தான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். 2007இல் அமெரிக்காவில் 192 பேருக்கு ஆறு மாதம், வாரத்துக்கு ஆறு நாள், ஒரு பெரிய பல் அளவு பச்சைப் பூண்டோ பூண்டு மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். எல்.டி.எல் அசையவில்லை. குக்கில் பிசின், வடக்கே குக்குலு என்பார்கள், இந்தியாவில் கொழுப்புக்கென்றே மாத்திரையாக விற்றது. 2003இல் 103 பேரிடம் எட்டு வாரம் சோதித்தால் எல்.டி.எல் நாலைந்து சதவீதம் ஏறிவிட்டது, சிலருக்கு உடம்பில் தடிப்பு வேறு. அக்கா வாங்கிய மருதம்பட்டைக்குக் கொஞ்சம் நல்ல சாட்சி உண்டு. 2001இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில் 105 இதய நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தினமும் 500 மி.கி. பட்டைப் பொடி கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் எல்.டி.எல் சராசரியாக 16 சதவீதம்போல இறங்கியது. குழுவுக்கு 35 பேர், ஒரே மாதம், ஆளுக்கு ஆள் பெரிய ஏற்ற இறக்கம். நம்பிக்கை வைக்கலாம், சொத்தை எழுதி வைக்கக் கூடாது.

துத்தநாகக் கட்டிகளின் கதை இதைவிட மோசம். 2000இல் வெளியான ஆய்வில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இதய நோய் அபாயம் உள்ளவர்களுக்கு வைட்டமின் ஈ நாலரை வருடம் கொடுத்தும் மாரடைப்பு குறையவில்லை. பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களை வைத்து நடந்த சோதனையில், 1994இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் மாத்திரை தின்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. கேரட் தின்றால் நல்லது, கேரட்டில் இருந்து ஒன்றை மட்டும் பிரித்து மாத்திரையாக அள்ளிப் போட்டால் அது வேறு பிராணி.

அப்படியென்றால் செடியில் இருந்து வருவது எதுவும் பயன்படாதா? படும், ஆனால் விளம்பரத்தில் வராத இடத்தில். குடலில். ஈரல் கொலஸ்ட்ராலில் இருந்து பித்த அமிலம் செய்து குடலுக்கு அனுப்புகிறது. சாப்பாட்டுக் கொழுப்பைக் கரைத்த பிறகு அதில் 95 சதவீதம் திரும்ப உறிஞ்சப்பட்டு ஈரலுக்கே போய்விடும். கஞ்சத்தனமான ஏற்பாடு. வெந்தயத்தை ஊறவைத்தால் வழவழவென்று வருகிறதே, ஓட்ஸிலும் இசப்கோலிலும் வருகிறதே, அந்தக் கரையும் நார்ச்சத்து பித்த அமிலத்தைப் பிடித்து மலத்தோடு வெளியே இழுத்துப் போகும். ஈரலுக்குப் பித்தம் பற்றாக்குறை. புதிதாகச் செய்யக் கொலஸ்ட்ரால் வேண்டும். உடனே கேட்டுகளைத் திறந்து ரோட்டில் நிற்கிற லாரிகளை உள்ளே இழுக்கும். நாளைக்குப் பத்து கிராம் இசப்கோலுக்கு எல்.டி.எல் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாவர ஸ்டெரால் என்ற பொருளும் குடலில்தான் வேலை செய்யும். கொலஸ்ட்ராலைப்போலவே உருவம் இருப்பதால் அதன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு அதை ஏறவிடாது. ஆனால் நாளைக்கு 2 கிராம் தேவை, சாதாரணச் சாப்பாட்டில் அதில் கால்பங்குகூட வருவது கடினம். நார்ச்சத்து எடுப்பவர்கள் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் போட்டால் அவற்றையும் பிடித்துக்கொள்ளும், இடைவெளி விட வேண்டும்.

ஸ்டேட்டின் மாத்திரையைக் 'கெமிக்கல்' என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு தகவல். அதுவும் இயற்கையில் இருந்துதான் வந்தது. ஜப்பானில் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைத் துழாவி, 1970களில் ஒரு நீலப் பூசணத்தில் இருந்து முதல் ஸ்டேட்டினைப் பிரித்தார். சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று இயற்கைப் பொருளாக விற்பதில் இருக்கும் மொனகோலின் கேயும், 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்டேட்டின் மாத்திரையும் ஒரே மூலக்கூறு. மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று தெரியும், அரிசியில் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம். பத்து மில்லிகிராம் அடோர்வாஸ்டேட்டின் எல்.டி.எல்லை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைக்கும். இலைச்சாறுகளில் இதற்குப் பக்கத்தில் வருகிற எதையும் நான் பார்த்ததில்லை.

இயற்கை என்பதால் கெடுதல் செய்யாது என்பதும் சரியில்லை. கிரீன் டீயைக் குடிப்பது வேறு, அதன் சாற்றைக் கெட்டிப்படுத்திக் கேப்சூலாக எடுப்பது வேறு. முக்கியமான பொருள் நாளைக்கு 800 மி.கி.யைத் தாண்டினால் ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் ரத்தத்தில் தெரியலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் பூண்டு மாத்திரை சேர்த்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். ஆகவே எதை எடுத்தாலும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. நம் ஊரில் நாட்டு மருந்து சாப்பிடுவதைத் திட்டுவார்களோ என்று பயந்து சொல்லாமலே விடுகிறவர்கள் அதிகம். அக்காவும் சொல்லியிருக்கவில்லை. அடுத்த முறை டப்பாவையும் பொடியையும் பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டரின் மேஜையில் வைக்கச் சொன்னேன். கேப்சூலை நிறுத்தச் சொன்னார் டாக்டர், மருதம்பட்டையை விட்டுவிட்டார், அடோர்வாஸ்டேட்டின் பத்து எழுதிக் கொடுத்தார். இசப்கோல் என் உபயம்.

மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட் வந்தது. எல்.டி.எல் 104. மாத்திரை, பட்டை, நார்ச்சத்து மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது எவ்வளவு குறைத்தது என்று சொல்ல முடியாது, எலிகளைத் தனித்தனிக் கூண்டில் பிரித்து வைப்பதே அதற்குத்தான் என்று பொறுமையாக விளக்கினேன். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அன்று சாயந்திரம் மாடியில் துணி எடுக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"ராசப்ப செட்டி தெருவுல போய் மருதம்பட்டைன்னு கேளு. எனக்கு எழுபது கொறைஞ்சுது. தம்பியே எல்லாக் கணக்கும் போட்டுச் சொன்னாரு."